ஏணை ஆடும் வீட்டில் ஐந்தாம் வகுப்பு

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பெரிய பெண்ணுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதத்திலிருந்து பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார். அடுத்தவன் இரண்டு வயதுப் பையன். கைக்குழந்தைக்கு நான்கு மாதம். கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. "புத்தகத்தோடு உட்கார்ந்தால் பத்து நிமிடம் தாண்டுவதில்லை. ஒன்று அழுகிறது, இன்னொன்று நோட்டைக் கிழிக்கிறது. நல்லவேளையாகப் பெரியவள் பொறுப்பானவள், சின்னவனை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாமியார் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடு என்கிறார். எப்படிச் சமாளிப்பது?" இதுதான் கேள்வி.

நான் பாலக்கோட்டுக்காரி. இரண்டாவது பிள்ளை பிறக்கும்வரை ஒரு பள்ளியில் ஆறு வருடம் கணக்கு எடுத்தேன். பெரியவளை நாலாம் வகுப்பு பாதியில் நிறுத்தி ஒன்றரை வருடம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது பையன் நடை பழகிக்கொண்டிருந்தான், கடைசிக்காரி வயிற்றில். அந்த ஒன்றரை வருடத்தில் உருப்படியாகச் செய்தது பாதி, சொதப்பியது பாதி. இரண்டையும் சொல்கிறேன்.

நேரம் பிரிப்பது பற்றிப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அந்த "நல்லவேளையாக" என்கிற வரிதான். என் வீட்டுக் கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

அன்றன்றைக்கு என்ன படித்தாள் என்று இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்லி மகளுக்கு ஒரு நோட்டு கொடுத்திருந்தேன். கடைசியவள் பிறந்து மூன்றாவது மாதம் இருக்கும். கரண்ட் அட்டையைத் தேடும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. "இன்று தம்பி தூங்கவில்லை. அதனால் கணக்கு இல்லை." அடுத்த பக்கம்: "இன்று பாப்பா அழுதது. அதனால் இங்கிலீஷ் இல்லை." புரட்டப் புரட்ட எட்டு நாளும் அதே பாட்டுதான். குறைபட்டுக்கொண்டு எழுதவில்லை. இன்று மழை, இன்று வெயில் என்று எழுதுவது மாதிரி எழுதியிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதில்தான்.

நம் பக்கத்துக்கு இது புதிதில்லை. என் அம்மா மூன்றாவதோடு நின்றவர். ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள்தான் இல்லை. தாய் களையெடுக்கப் போக, அக்காக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களில், கட்டடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதிலும் ஒரு எட்டு வயதுப் பெண் ஏணை ஆட்டிக்கொண்டிருப்பாள். (தூளியைத்தான் எங்கள் பக்கம் ஏணை என்போம்.) அந்தப் பெண்களைப் பற்றி "படிப்பை நிறுத்தியாச்சு" என்று சொன்னார்கள். நாம் படித்தவர்கள், வீட்டுக்கல்வி என்கிறோம். பிள்ளையின் இடுப்பில் அதே பாரம் இருந்தால், என்ன பெயர் வைத்தால் என்ன?

ஆகவே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு எண் எழுதுங்கள். பெரியவள் புத்தகத்தோடு இருந்த நிமிடங்கள் ஒன்று, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட நிமிடங்கள் ஒன்று. மனக்கணக்கில் வேண்டாம், கடிகாரம் பார்த்து எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது முதல் எண் 50, இரண்டாவது 190. உங்களுக்கும் இரண்டாவது பெரிதாக இருந்து, ஒரு மாதத்தில் மாற்ற முடியவில்லை என்றால், மாமியார் சொல்வதைக் கேட்டு அனுப்பிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

மாற்றுவதற்கு நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: படிக்கும் நேரத்தில் அவள் யாருக்கும் அக்கா இல்லை. குழந்தை அழுதால் நான் எழுந்திருப்பேன், அவள் எழுந்திருக்கக்கூடாது. அவளும் தன்னால் எழுந்துவிடுவாள், பழக்கம். "உட்காரு, அது என் வேலை" என்று ஒரு மாதம் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது தப்பென்று நான் சொல்லவில்லை. படிப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம், அதற்கு ஒரு முடிவு நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவு நேரம் இல்லாத வேலைதான் பிள்ளையைத் தின்றுவிடும்.

சரி, அப்படியானால் சின்னவனை யார் பார்ப்பது? பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீடுகளில் யாருக்கும் தோன்றாத ஒரு வழி இருக்கிறது: சின்னவனை அனுப்புவது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இரண்டு வயது முடிந்த பிள்ளைகளை முன்பருவக் கல்விக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். காலையில் விட்டால் மத்தியானம் சோறும் சாப்பிட்டுவிட்டு வருவான். முதல் பத்து நாள் அழுவான், அழட்டும். உங்கள் தெருவில் இருப்பது நல்ல அங்கன்வாடியா என்று ஒரு நாள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். சத்துமாவு வாங்க எப்படியும் போகத்தானே செய்கிறீர்கள்.

அது சரிப்படாது என்றால், நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். நானும் செய்தேன். பள்ளி ஆசிரியை அல்லவா, ஒன்பதரைக்கு முதல் பாடவேளை என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். ஒன்பதரைக்கு எந்தக் குழந்தை தூங்குகிறது? அதுதான் இரண்டும் முழு வீச்சில் இருக்கிற நேரம்.

முதலில் எவ்வளவு நேரம் தேவை என்று பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று வைத்திருக்கிறது. நாளுக்கு நான்கு மணி. அது முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம் திருத்துவது, பின்வரிசையை அடக்குவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆறு வருடம் அந்த வரிசைகளுக்கு முன்னால் நின்றவள் சொல்கிறேன், ஒரே ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றே முக்கால் மணி, இரண்டு மணி நேரம் போதும். பள்ளிக்குத்தான் 200 நாள். நமக்கு வருடத்தில் 280 நாள் கூடக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் பாடம்தான். தடுப்பூசி போடுகிற புதன்கிழமை லீவு. ஊசி போட்ட அன்றைக்குப் பாடம் நடத்தலாம் என்று நினைத்தால் நீங்கள் என்னைவிடத் தைரியசாலி.

அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே தேடுவது? விடிகாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறே முக்கால் வரை எங்கள் வீட்டில் சத்தமே இருக்காது. பெரியவள் இயல்பாகவே சீக்கிரம் எழுகிறவள். கணக்கை அங்கே வைத்தேன். உங்கள் பெண் தூங்குமூஞ்சி என்றால் இதை வற்புறுத்தாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் வகுத்தல் கணக்கு போட்டால் வகுத்தலின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இரண்டாவது, மத்தியானத் தூக்கம். நான்கு மாதக் குழந்தை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாகத்தான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மத்தியானம் ஒரு தூக்கம் இருக்கும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் அமையும்படி செய்வதுதான் சாமர்த்தியம். சின்னவனைப் பதினொன்றரைக்குள் குளிப்பாட்டி, பன்னிரண்டுக்குச் சோறூட்டிப் படுக்க வைத்தேன். குழந்தைக்கு அப்போதுதான் பால். பத்து நாளில் பழகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் முக்கால் மணி நேரம் கிடைத்தது. இரண்டு நாள் கிடைக்காது. அதற்கு அழுதுகொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, பால் கொடுக்கிற நேரம். இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். பால் கொடுக்கும்போது கை இரண்டும் மாட்டிக்கொள்கிறது, ஆனால் காது சும்மாதான் இருக்கிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். தமிழ் ஒரு வேளை, இங்கிலீஷ் ஒரு வேளை. தப்பாகப் படித்தால் நான் "ம்?" என்பேன், திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். நாளுக்கு இரண்டு வேளை, பத்துப் பதினைந்து நிமிடம். அவளுடைய இங்கிலீஷ் திருந்தியது அதில்தான், இலக்கணப் புத்தகத்தில் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்கணக்கு. பதினேழு எட்டு எவ்வளவு, முக்கால் கிலோ புளி 90 ரூபாய் என்றால் கிலோ என்ன விலை, இப்படி.

அப்புறம், விழித்திருக்கிற சின்னவனைப் பற்றி. இரண்டு வயதுப் பிள்ளை நோட்டைக் கிழிப்பது நோட்டின் மேல் உள்ள கோபத்தால் அல்ல, நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால். பாடம் தொடங்கும் முன் கால் மணி நேரம் அவனோடு மட்டும் உட்காருங்கள். போனைக் கையில் எடுக்காமல், பெரியவளைக் கூப்பிடாமல். வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி இறங்கிப் போவான். பத்துக்கு ஆறு தடவை இது வேலை செய்தது. மீதி நான்கு தடவைக்கு ஒரு கூடை வைத்திருந்தேன். பாட நேரத்தில் மட்டும்தான் அது பரணிலிருந்து இறங்கும். சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள், அவற்றுக்குப் பொருந்துகிற மூடிகளும் பொருந்தாத மூடிகளும், மரக்கரண்டி, பழைய தாவணித் துணி, அட்டைப் பெட்டி. கடையில் வாங்கிய பொம்மை ஒன்றுகூட இல்லை. பொருந்தாத மூடிகள்தான் அதிக நேரம் தாங்கின.

போன் கொடுத்துவிடலாமே என்று கை பரபரக்கும், தெரியும். இரண்டு வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரு வயதுக்குள் என்றால் வேண்டவே வேண்டாம். நான் சொல்கிற காரணம் வேறு. சின்னவன் கையில் போன் இருந்தால் பெரியவளின் கண் நோட்டில் நிற்காது. பாடப் புத்தகத்தின் கியூஆர் கோடில் வருகிற வீடியோவோ கல்வி தொலைக்காட்சியோ பார்ப்பதென்றால் அதை அவன் தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதில் எனக்கு அவமானமும் உண்டு. பின்னம் சொல்லிக்கொடுக்கப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் புளி உடைக்கிற காலம், கொட்டைக்கா பஞ்சம்? இருபது கொட்டையைப் பரப்பி, நாலில் ஒரு பங்கு எடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பதுதான் இருக்கிறது. இருபதாவது பையனின் மூக்கில். மருத்துவமனையில் அதை எடுத்தபோது ஊறி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. மூக்கோடு போயிற்று, மூச்சுக்குழாயில் போயிருந்தால்? மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஒரு பாதுகாப்பு அளவு உண்டு. ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கிப்போகிற எதுவும் அவர்கள் பக்கம் வரக்கூடாது. புளியங்கொட்டை, வறுத்த நிலக்கடலை, சோழி, நாணயம், பட்டன் பேட்டரி எல்லாம் அந்தக் குழாய்க்குள் போகிறவைதான். பல்லாங்குழி நல்ல கணக்கு விளையாட்டுத்தான், ஆனால் இந்த வருடம் அது பீரோவில் இருக்கட்டும். பின்னத்துக்குத் தோசை போதும். தண்ணீர் விளையாட்டும் அப்படித்தான், உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் என்றால் மட்டும். ஒரு சாண் தண்ணீர் உள்ள வாளி கூட இரண்டு வயதுக்கு ஆபத்து.

இனி, என்ன படிப்பது. சமச்சீர்ப் புத்தகமே போதும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வேறு பாடத்திட்டம், வெளிநாட்டுப் புத்தகம் என்று தேடி அலையாதீர்கள், இந்தக் கைக்குழந்தையோடு அதற்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கணக்கும் மொழியும் படிக்கட்டு மாதிரி, ஒரு படி விட்டால் அடுத்ததில் கால் தடுக்கும். அவற்றை வரிசையாக, விடாமல் செய்ய வேண்டும். அறிவியலும் சமூக அறிவியலும் அப்படி இல்லை. புத்தகத்தை அவளே படித்துக்கொள்ளட்டும், மீதிக்கு ஊர் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் பாலக்கோடு தக்காளி மண்டியில் இருக்கிறார். மகள் ஒரு நோட்டில் தினமும் அன்றைய தக்காளி விலையை எழுதுவாள். மூன்று மாதத்தில் அந்த விலை ஏறி இறங்கியதைப் புள்ளி வைத்துக் கோடு போட்டபோது, வரைபடம் என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "ஏம்மா இங்கே இவ்வளவு கீழே?" என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். ஆந்திரா வரத்து, மழை, முகூர்த்த நாள், எல்லாம் வந்தது. உங்களுக்குப் பக்கத்தில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை இருக்கிறது, முழு நீர்மட்டம் 52 அடி. தினமும் பேப்பரில் நீர்மட்டம் வரும். அதை எழுதச் சொல்லுங்கள். தென்பெண்ணை எங்கே பிறக்கிறது, கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் மழை பெய்தால் இங்கே ஏன் மட்டம் ஏறுகிறது என்று அவளே கேட்பாள். மாம்பழக் காலத்தில் பெங்களூரா மாங்காய் மண்டியில் என்ன விலை, கூழ் ஆலை என்ன விலை கொடுக்கிறது என்று இன்னொரு கணக்கு.

வீட்டுக்குள்ளேயே ஒரு அறிவியல் பாடம் படுத்திருக்கிறது, உங்கள் கைக்குழந்தைதான். பிறந்தபோது இருந்த எடை ஐந்தாம் மாத வாக்கில் இரண்டு மடங்காகும், ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகும். தடுப்பூசி அட்டையில் எடை எழுதியிருப்பார்கள். பெரியவள் அதைக் கோடாக வரையட்டும். பட்டுப்புழு வளர்க்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு வாரம் அங்கே போய் வாருங்கள். முட்டையிலிருந்து வெளியே வந்த புழு கிட்டத்தட்ட 25 நாளில் நான்கு தடவை தோல் உரித்து, சந்திரிகையில் (கூடு கட்டுவதற்கென்று வைக்கிற தட்டு) ஏறிக் கூடு கட்டும். என் பையன் "புழு தின்னுது, புழு தின்னுது" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரே இடத்தில் மூன்று பிள்ளைகளுக்கும் பாடம் நடந்தது அது ஒன்றில்தான்.

பெரிய பெண் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், குடிக்கிற தண்ணீர்தான் அந்தக் கறையை முடிவு செய்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரைதான் அனுமதி. இது அவளுக்குப் பாடம், சின்னது இரண்டுக்கும் உண்மையாகவே தேவை. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வருகிற காவிரித் தண்ணீரையே வையுங்கள்.

சமூக அறிவியலுக்கு மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் புத்தகத்தில் ஒரு பக்கம்தான், ஆனால் தகடூர் என்பது நாம் பஸ் மாறுகிற இந்த ஊர்தான் என்று தெரியும்போது பிள்ளையின் முகம் மாறுகிறது. உங்கள் மாவட்டத்தில் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். கைக்குழந்தையோடு போகும்போது இருபது நிமிடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். நான் ஒரு தடவை மூன்று இடம் பார்க்கலாம் என்று கிளம்பி, முதல் இடத்திலேயே பையன் வாந்தியெடுத்து, எஞ்சிய நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

இப்போது கொஞ்சம் கறாரான விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்வி என்ற பேச்சே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இருக்கிறது, சேர்க்காவிட்டால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருகிற ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். எரிந்து விழாதீர்கள், நோட்டுகளை எடுத்துக் காட்டுங்கள். பத்து வயதுப் பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் இந்த மாவட்டங்களில் அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைத் திருமணம் இங்கே பழைய கதையாகிவிடவில்லை. மாற்றுச் சான்றிதழையும் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) பத்திரமாக வையுங்கள். திரும்பப் போனால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், அதற்குத் தேர்வு வைக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகிற ஜூன் மாதம்தான் பெரிய முடிவு. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருடமே பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டமும் ஆறாவதிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. ஆறாம் வகுப்பையும் வீட்டில் வைத்தால் இந்தக் கதவுகளை அவளுக்காக நீங்கள் மூடுகிறீர்கள். தெரிந்து மூடினால் சரி, தெரியாமல் மூடக்கூடாது. என் மகளை ஆறாவதில் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். இதெல்லாம் தெரிந்து இல்லை, அப்போது இந்தத் திட்டங்களே கிடையாது. பையன் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்தான், எனக்கும் மூச்சு வந்தது, அவளும் தோழிகள் வேண்டும் என்றாள். இப்போது பன்னிரண்டாவது.

தொடர்ந்து வீட்டிலேயே என்றால், 14 வயது முடிந்த பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம். மொழி ஒன்று உட்பட ஐந்து பாடம், வருடத்தில் இரண்டு தடவை தேர்வு, ஐந்து வருடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி முடிக்கலாம். மாநில அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கு அப்போது நடப்பில் இருக்கிற அரசாணையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மாநில முறையில் என்றால், பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் வழி இருக்கிறது.

உங்கள் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை நீங்கள். நான்கு மாதம் என்பது இன்னும் பச்சை உடம்புதான். களி கிண்ட ஒரு ஆள், துணி துவைக்க ஒரு ஆள் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுக்காரருக்கு இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலில் தூக்கம் வேண்டும், சரி. முதல் ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போகட்டும். "உதவி" என்று கேட்காதீர்கள், "ஐந்தரையிலிருந்து ஆறரை உங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள்.

கடைசியாக மாமியார். வாதாடிப் பயனில்லை. அவர் கண்ணுக்குப் பேத்தி படிப்பதாகத் தெரியவில்லை, பாவம், அவர் பார்க்கும்போதெல்லாம் அவள் இடுப்பில் குழந்தைதான் இருந்திருக்கும். எங்கள் வீட்டு ஆயாவுக்கு (பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) எழுத்துக் கூட்டத்தான் தெரியும். தினமும் சாயங்காலம் மகளைப் பேப்பர் வாசித்துக் காட்டச் சொன்னேன். முதல் வாரம் எரிச்சலாகக் கேட்டார். அப்புறம் தக்காளி நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். விளக்கு வைத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு குறைச்சல்?" என்பார். அவள் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஆயாவுக்குத் தெரிந்துவிடும்.